லொக்வேஷியஸ் குப்பம்மா

"லொக்வேஷியஸ் குப்பம்மா யாரும்மா? ஏம்மா, இங்க லொக்வேஷியஸ் குப்பம்மா யாரு?"

ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நின்றுகொண்டு ஆயா இப்படிக் கூவினாள். காலை வெயில் தூண்களுக்கு நடுவே பட்டை பட்டையாக விழுந்திருந்தது. பினாயில் நெடியும், துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த நிலக்கரிப் புகையும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மாவின் மீன் வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. மீன் ஜெயித்தது.

"தோ, நான்தான்!" என்று குப்பம்மா எழுந்தாள். மேடைக்குப் போய்ப் பதக்கம் வாங்கப் போகிறவள் மாதிரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அந்த நிமிஷம் உள் அறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தலை எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா. ஸ்காட்லாந்துக்காரி. கையில் பாதி துடைத்த துண்டு. தன் சொந்த ஊர்க்காரர் ஒருவரைக் காசிமேட்டு மீன் கூடைக்குள் பார்த்துவிட்டது போன்ற திகைப்பு முகத்தில்.

நான் என் கையிலிருந்த அகராதியை மெல்ல மடியில் கவிழ்த்துக்கொண்டேன். திருட்டுச் சாமானோடு போலீஸ்காரரைப் பார்த்தவன் வேறு என்ன செய்வான்?

அகராதி வந்த வழி

அந்த அகராதி மூர் மார்க்கெட்டில் வாங்கியது. மேலட்டை கிடையாது. 'ஏ' முழுவதும் இல்லை. அதற்கடுத்த எழுத்தில் பாதி இல்லை. "போனதெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைங்க சார், பெரிசெல்லாம் அப்படியே இருக்குது" என்று கடைக்காரர் தலையிலடித்துச் சத்தியம் செய்தார். நம்பினேன். இன்றைக்கும் 'ஏ'யில் தொடங்கும் ஆங்கிலச் சொல் எதிரே வந்தால் நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

அப்போது நான் துறைமுகத்துக்கு எதிரில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. அதுவும் நிரந்தரக் குமாஸ்தா இல்லை, 'ப்ரொவிஷனல்' குமாஸ்தா. உயர்ந்த ஆங்கிலம் எழுதுகிறவர்களைத்தான் துரை நிரந்தரமாக்குவார் என்று ஆபீசில் ஒரு வதந்தி உலவியது. துரை எழுதும் ஆங்கிலத்தை நான் பார்த்திருக்கிறேன். "எஸ்", "நோ", "ஓய்?" இவ்வளவுதான். ஆனாலும் வதந்தியைத்தான் நம்பினேன். வயது அப்படி.

கற்ற வித்தையை முதலில் ஒரு லீவு விண்ணப்பத்தில் பிரயோகித்தேன். எனக்கு லேசான ஜுரம். "ஃபீவர்" என்று மொட்டையாக எழுத மனம் வரவில்லை. அகராதியைப் புரட்டினேன். 'பெஸ்டிலென்ஷியல்' என்று ஒரு சொல் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை ஜுரத்துக்கு முன்னால் சேர்த்தேன். அழகாக இருந்தது. கொள்ளை நோய்க்குச் சம்பந்தப்பட்டது என்ற பொருளையும் பார்த்தேன்தான். கொஞ்சம் பலமாக இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆபீசையே காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். என் மேஜையை வெயிலில் போட்டார்கள். தலைமைக் குமாஸ்தா உட்பட எல்லாருக்கும் ஊசி. நான் திரும்பி வந்தபோது என்னோடு யாரும் பேசவில்லை. ஒரு கையைத் தூக்க முடியாமல் எல்லாரும் மறு கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தார்க்கால்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா அம்மா வைத்த பெயர் கோவிலுக்கும் கோர்ட்டுக்கும்தான். தெருவில் நடமாட வேறு பெயர் வேண்டும்.

இது குறும்புக்காக ஏற்பட்டதல்ல, அவசியத்துக்காக ஏற்பட்டது. கடலோரம் ஒரே தெருவில் ஐந்தாறு முருகேசன் இருப்பார்கள். நண்டு முருகேசன், நெட்டை முருகேசன், கோணவாய் முருகேசன் என்று பிரித்தால்தான் கடன் கேட்பவன் சரியான ஆளைப் பிடிப்பான். தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெயர் இல்லாவிட்டால்தான் வருத்தம். இவன் நம்ம ஆள் இல்லை என்று அர்த்தம்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. நான் வார்த்தைகளை நெட்டுருப் போட்டபடியே கடற்கரை வழியாக ஆபீசுக்கு நடப்பேன். ஒரு நாள், 'இம்பெச்சுவஸ்: முன்பின் யோசியாமல் பாய்கிற' என்று சொல்லிக்கொண்டே, படகுக்குப் பூசக் காய்ச்சி ஆற வைத்திருந்த தார்ச் சட்டிக்குள் வலது காலை வைத்தேன். செருப்பு சட்டியோடு தங்கிவிட்டது. அன்று முதல் காசிமேட்டிலிருந்து ராயபுரம் ரயிலடி வரை நான் 'தார்க்கால் கிளார்க்'.

இவ்வளவு விலை கொடுத்தும் எனக்கு வார்த்தைகள் நிற்கவில்லை. காலையில் ஏற்றினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். துறைமுகத்து மூட்டை மாதிரி. ஒருத்திக்கு மட்டும் எல்லாம் நின்றது.

தனகோட்டியின் முறை

என் மனைவி தனகோட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என்னை ஒப்பிக்கச் சொல்லி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பது அவள் வேலை. நான் மூன்றாவது வார்த்தையில் திணறுவேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

"உனக்கு மட்டும் எப்படி நிக்குது?" என்று கேட்டேன்.

"நீங்க வார்த்தைய வார்த்தையாவே வெச்சுக்கறீங்க. நான் ஆள் மேல மாட்டிடறேன். ஆளை மறப்பமா?" என்றாள்.

நாங்கள் இருந்தது ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடித்தனம் இருந்த வீடு. மாட்டுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. குழாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு 'பார்சிமோனியஸ்', கருமி, என்று வைத்தாள். தெருக்காரர்களுக்கு அவ்வளவு நீளம் தாங்காது; 'பார்சி நாய்க்கர்' ஆக்கிவிட்டார்கள். பார்சிக்காரர் மாதிரி இருக்கும் தன் சிவப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று அவர் பூரித்துப்போய் அந்த வாரம் குழாயைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தார். அவருடைய ஆடு, என் அலுவலகச் சட்டையின் ஒரு கையைத் தின்ற அன்று, எதையும் தின்கிற 'ஆம்னிவோரஸ்' ஆயிற்று. என் அண்ணாவுக்கும் ஒன்று வைத்தாள். அது பின்னால் வருகிறது.

மீன்காரக் குப்பம்மா எங்கள் முற்றத்துக்குத் தினம் வருவாள். கூடையை இறக்குமுன் பேச ஆரம்பித்தால், தூக்கிக்கொண்டு தெருக்கோடி திரும்பின பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும். அவளுக்கு 'லொக்வேஷியஸ்'. ஓயாமல் பேசுகிறவள்.

"இங்கிலீஷ்லியா எனுக்கு?" என்று குப்பம்மா வாயைப் பிளந்தாள். "இன்னொரு தபா சொல்லும்மே." தனகோட்டி சொன்னாள். குப்பம்மா அதை வெற்றிலை மாதிரி மென்று பார்த்தாள். "நல்லாத்தான் கீது. அப்போ எங்க ஊட்டுக்காரனுக்கு?"

அவள் புருஷன் கட்டுமரக்காரர். வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு 'டாசிடர்ன்', வாய் பேசாதவர், என்று தனகோட்டி வைத்தாள். செய்தியைக் குப்பம்மா அவரிடம் போய்ச் சொன்னாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தச் சொல்லுக்கு இதைவிடச் சரியான விளக்கம் எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

"எனக்கு என்ன வார்த்தை?" என்று ஆரம்பத்திலேயே ஒரு நாள் கேட்டிருந்தேன்.

"உங்களுக்கு இன்னும் அமையல. 'எம்' வரைக்கும்தானே வந்திருக்கோம்."

'ஹாண்ட்சம்' தாண்டிவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

'பி' எழுத்தில் 'ப்ரொவிஷனல்' வந்த அன்று மட்டும் நான் அகராதியைப் பார்க்காமல் பொருள் சொன்னேன். சொந்த அனுபவம் ஆயிற்றே. "இருக்கு, ஆனா இல்லை. இப்போதைக்குத்தான். மேல இருக்கறவங்க மனசு மாறினாப் போயிடும்" என்றேன். தனகோட்டி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு பகல்

நகைச்சுவை எழுதுகிறவன் என்று என்னைப் பத்திரிகையில் போடுகிறார்கள். ஆகையால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தனகோட்டி இப்படிப் பெயர் வைக்க ஆரம்பித்ததற்கு முந்திய வருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. வீட்டில்தான். மருத்துவச்சி வந்தாள், தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். குழந்தை ஒரு பகல் இருந்தது. பெயர் வைக்கும் நாள் வரைக்கும் இருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் "குழந்தை" என்றார்கள், "அது" என்றார்கள். வேறு எப்படிச் சொல்வார்கள்?

சில மாதங்கள் தனகோட்டி முற்றத்துக்கே வரவில்லை. பிறகு ஒரு நாள் என் அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ராயபுரம் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்குப் பயிற்சி தருகிறார்கள், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெண்களைத் தேடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "நான் போகட்டுமா?"

"போயேன். எனக்கென்ன ஆட்சேபணை?" என்றேன். அப்பளம் நன்றாக இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு எதிலுமே ஆட்சேபணை இல்லை.

அதற்குப் பிறகு அவள் இரண்டு தரம் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். உள்ளே போய் எப்படி ஆரம்பிப்பது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. குப்பம்மாவின் மகள் அஞ்சலையின் முதல் பிரசவத்துக்கு, "வூட்ல வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று பிடிவாதமாக நின்றவளும் தனகோட்டிதான். எண்ணூரை அடுத்த முகத்துவாரக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அஞ்சலையை அங்கிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்தோம். ஜட்கா பிடித்தவன் நான்.

தமிழுக்குத் தமிழ்

வராந்தாவுக்கு வருவோம்.

பெயர் எழுதுமிடத்தில், துணைக்கு வந்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். குப்பம்மா தன் பெயரைச் சொன்னாள். அன்றைக்கு அங்கே குப்பம்மாக்கள் மூன்று பேர். "மூணு குப்பம்மா கீறோம். எந்தக் குப்பம்மான்னு எயுதுவே? ஒயுங்கா எயுது" என்று தன் முழுப் பட்டத்தையும் கொடுத்துவிட்டாள். அதைத்தான் ஆயா கூவினாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். தமிழ் தெரிந்தவர். ஒரு பண்டிதரை வைத்துப் பல வருஷம் இலக்கணத்தோடு கற்றவர்.

"இப்பெயரால் அழைக்கப்படும் ஸ்திரீ நீர்தானோ?" என்றார்.

குப்பம்மா என் பக்கம் திரும்பினாள். "நைனா, இது இன்னா பாஷை பேசுது?"

"தமிழ்தான் குப்பம்மா."

"தமிழா? யார் வூட்டுத் தமிழு?"

"இப்பெயரை உமக்கு இட்டவர் யாவர்?" என்றார் டாக்டரம்மா.

"இந்தப் பேரை யார் வெச்சதுன்னு கேக்கறாங்க" என்றேன்.

"அத்த அப்டி கேக்கக் கூடாதா?" என்ற குப்பம்மா, டாக்டரம்மாவிடம் உரக்க, செவிடருக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "எங்க தனகோட்டி வெச்சுதும்மா! நிறுத்தாம பேசறவன்னு அர்த்தம்! தெருவுல எத்தினி பேரு பேசிகினு கீறாங்கோ, எனுக்குத்தான் இங்கிலீஷ்ல பேரு!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இவள் கூற்று எனக்கு விளங்கவில்லை."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் கிடைத்தது. அதைச் செய்துகொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. இந்த அம்மாள் பேசுவதில் ஒரு பிழை இல்லை. எல்லாம் அகராதியில் உள்ள சொற்கள். உயர்ந்த சொற்கள். நான் துரைக்கு எழுதும் ஆங்கிலம் துரையின் காதில் எப்படி விழும் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அஞ்சலையின் அருகிலிருந்து தனகோட்டி வந்தாள். டாக்டரம்மா ஆங்கிலத்தில் அவளை ஒரு கேள்வி கேட்டார். வேறு என்ன வார்த்தை தெரியும் என்று.

தனகோட்டி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வராந்தாவுக்கு வெளியே, மதில் ஓரம் குந்தியிருந்த குப்பம்மாவின் புருஷனைக் காட்டினாள். "டாசிடர்ன்" என்றாள்.

டாக்டரம்மா படியிறங்கி அவரிடம் போனார். "ஐயா, நீர் எவ்வூரினர்?" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடி டாக்டரம்மாவைப் பார்த்தார். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த வெள்ளைக்கார அம்மாள் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, சரி, முற்றிலும் சரி!" என்றார். உள்ளேயிருந்து அதே சமயம் ஒரு குழந்தை வீறிட்டது. அஞ்சலைக்கு ஆண் பிள்ளை.

குழந்தையைக் கவனித்துவிட்டு வந்து டாக்டரம்மா தனகோட்டியின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். பயிற்சிக்கு ஒரு இடம் இருக்கிறது என்றார். "திங்கட்கிழமை உமது கணவரோடு வருக. கணவரின் சம்மதத்தை அவர் வாயால் நான் கேட்க வேண்டும். பாதியில் இல்லத்தார் அழைத்துச் சென்ற பெண்கள் பலர். ஆதலின் கேட்கிறேன்."

"இதுவா? இது சும்மாவே தலையாட்டும்மா" என்று குப்பம்மா என்னைக் காட்டினாள். நல்லவேளை, அது டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயில்

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

என் அண்ணா திருவொற்றியூரில் குடியிருந்தார். ஞாயிறு தோறும் காலை ரயிலில் வந்து, எங்கள் குடும்பத்துக்கு வாரம் முழுவதற்குமான உத்தரவுகளைப் போட்டுவிட்டு, சாப்பிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புவார். எங்களுக்கு அப்பா இல்லாததால் அந்த உத்தியோகத்தையும் அவரே பார்த்து வந்தார். தனகோட்டி அவருக்கு வைத்திருந்த சொல் 'பெரெம்ப்டரி': மறு பேச்சுக்கு இடம் வைக்காதவர்.

செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. செருப்பைக் கழற்றுமுன் ஆரம்பித்தார்.

"சபாபதி, நான் கேள்விப்பட்டது நெசமா? நம்ம வூட்டுப் பொம்பள ஊரான் வூட்டுத் தீட்டைக் கழுவப் போறாளா?"

"இல்லண்ணா, வந்து..."

"வந்தும் வேணாம் போயும் வேணாம். நடக்காது. நாளைக்கு அந்தத் துரைசானி கிட்ட போயி, எங்க வூட்ல ஒத்துக்கலன்னு சொல்லிட்டு வந்துடு."

"பார்க்கலாம்ண்ணா" என்றேன்.

தனகோட்டி அவருக்கு இலை போட்டாள். குழம்பு ஊற்றினாள். மோர் வரை நின்று பரிமாறினாள். அண்ணா போனதும் என் எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"பார்க்கலாம்" என்றேன்.

எனக்கு அந்தச் சொல் மேல் அலாதிப் பிரியம். அகராதியில் உள்ள அத்தனை பெரிய வார்த்தைகளையும் தேடியும் அதற்கு நிகராக ஒன்று எனக்கு அகப்படவில்லை. அண்ணாவிடம் சொன்னால் அண்ணா பக்கம் சாயும். மனைவியிடம் சொன்னால் மனைவி பக்கம் சாயும். சொன்னவன் நடுவில் நிழலாக உட்கார்ந்திருக்கலாம்.

தனகோட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வார்த்தை அமைஞ்சிடுச்சு" என்றாள்.

"என்ன வார்த்தை?"

"அப்புறம் சொல்றேன்." குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

குழாயடியில் குப்பம்மாவின் குரல் கேட்டது. வழக்கம்போல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று நின்றது. நான் கேட்டவரையில் அது நின்றது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை

ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். ஆபீஸ் கடிதங்களில் பார்த்துப் பொறுக்கியது. நீளமானது. கௌரவமானது. குடும்பத்துப் பெரியவர்களின் மேலான ஆலோசனைக்கு உட்பட்டு, இதர சந்தர்ப்பங்களையும் உத்தேசித்து, தற்சமயத்துக்கு எனக்குக் கொள்கையளவில் மறுப்பில்லை என்பதாக ஆங்கிலத்தில். அதைக் கேட்டு யாரும் ஆமென்றும் நினைக்கலாம், இல்லையென்றும் நினைக்கலாம். வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். தார்ச் சட்டி எதுவும் குறுக்கே வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பேரனைப் பார்க்கிற சாக்கில் குப்பம்மாவும் வந்திருந்தாள். எங்களுக்குப் பின்னாலேயே அறைக்குள் நுழைந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா தனகோட்டியை உட்காரச் சொன்னார். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "உன் வீட்டார் யார் யார் என்று எனக்குச் சொல்லேன். ஆளுக்கு ஒரு சொல்" என்றார்.

"என் மூத்தார்" என்றாள் தனகோட்டி. "பெரெம்ப்டரி."

"ஆ!" என்றார் டாக்டரம்மா. அவருக்கும் அண்ணன்மார் இருந்திருக்க வேண்டும். "கணவர்?"

தனகோட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அரிசியில் கல் பார்க்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ப்ரொவிஷனல்" என்றாள்.

டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. "பொருள்?" என்றார்.

தனகோட்டி தமிழில் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்தது எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது: "இருக்கு, ஆனா இல்லை. இப்போதைக்குத்தான். மேல இருக்கறவங்க மனசு மாறினாப் போயிடும்."

துறைமுகத்தில் எந்தக் கப்பலோ சங்கு ஊதியது.

"நேத்திலேர்ந்து தெருவே அப்டித்தான் சொல்லிகினு கீது நைனா" என்று குப்பம்மா கதவோரத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "தார்க்கால் போயிடுச்சு. இப்போ இதான் உன் பேரு."

தார்க்கால் என்று கூப்பிட்டபோதெல்லாம் சிரித்தவன் நான். அது கால் சம்பந்தப்பட்டது. கழுவினால் போகும்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஐயா, உமது சம்மதம் யாது?"

வாக்கியத்தைத் தேடினேன். முதல் வார்த்தை வந்தது. அது எந்த இடத்தில் போய் முடியும் என்று தனகோட்டிக்குத் தெரியும் என்பதும் கூடவே வந்தது. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அன்று திருப்பித் திருப்பிப் பார்த்த கை. ஒரு பகல் முழுதும் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த கை.

"எஸ்" என்றேன். துரையின் ஆங்கிலம்.

"ஐயமின்றியோ?"

"ஐயமின்றி" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய ஒரே இலக்கணத் தமிழ் அதுதான்.

"இன்னா சொல்லிச்சு இது? ஆமான்னுச்சா இல்லேன்னுச்சா?" என்று குப்பம்மா தனகோட்டியின் தோளை உலுக்கினாள்.

"ஆமாம்னாங்க" என்றாள் தனகோட்டி.

பின்னால் நடந்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடம் நானே சொன்னேன். "நான் சொல்லியுமா?" என்றார். "ஆமாண்ணா" என்றேன். பார்க்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்ததை மென்று விழுங்கினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், மத்தியான ரயிலுக்காக வெயிலில் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டார். பல மாதங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிறகு அவர் வீட்டிலேயே ஒரு பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது, தனகோட்டியைக் கூட்டிப்போக விடியற்காலை ரயிலில் வந்தார். அவள் உள்ளே வேலை பார்த்த அத்தனை நேரமும் வெளியே நின்றவர் யாருக்கும் ஒரு உத்தரவு போடவில்லை. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அதைத் தம்முடைய சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

இன்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அவள் கையில் பிறந்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு ஓடுகிறார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். பெயர் வைக்கும் நாளுக்கு அவள் காத்திருப்பதில்லை. தொப்புள் கொடி அறுத்துத் துடைத்துத் தாய் கையில் கொடுக்கும்போதே, குழந்தையின் காதில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள். வீறிட்டு அழுகிறதை 'அப்ஸ்ட்ரெபரஸ்' என்பாள். சாதுவாகக் கண்ணை மூடிக் கிடப்பதை 'ப்ளாசிட்' என்பாள். அப்பா அம்மா நல்ல நாள் பார்த்து முருகேசன் என்று வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. அன்று ஆஸ்பத்திரியில் வீறிட்டதற்காக அவள் பெயர் வைத்த அஞ்சலையின் பையன் இப்போது துறைமுகத்தில் வேலைக்குப் போகிறான். அப்ஸ்ட்ரெபரஸ் ஆறுமுகம் என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தையும் ஒரு நாழிகைகூடப் பெயரில்லாமல் இருந்தது கிடையாது.

என் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆபீசில் என்னை ஒரு வழியாக நிரந்தரமாக்கினார்கள். அதற்குக் காரணம் என் ஆங்கிலம் இல்லை. எனக்கு முன்னாலிருந்தவர் ஓய்வு பெற்றார். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். தனகோட்டி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். குப்பம்மா கூடையோடு பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"தனகோட்டி! என்னை கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க!" என்று கத்தினேன். "இனிமே நான் ப்ரொவிஷனல் இல்லை!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. புடவையை உதறிக்கொண்டு, "ஆபீஸ்லதானே?" என்றாள்.